கால்வாயில் விட்ட நீர்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளைப் 'பாட்டிலம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். சுத்திகரித்த நீர் குழாயிலிருந்து கால்வாயில் விழும் இடத்தில் தினமும் குனிந்து நின்று, பாட்டிலை அதே நீரில் அலசி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போவாள். கணவன் இறந்த பிறகு கிடைத்த வேலை. "என் தங்கச்சி சாக்கடைக்கு டாக்டர்" என்று அண்ணன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய மீன் குட்டை கால்வாயின் கீழ்ப்பக்கம் இருந்தது. தண்ணீர் குறைந்தால் கால்வாயிலிருந்துதான் மோட்டார் வைத்து இறைப்பார்.

அந்தக் கோடையில், தொட்டிகளுக்குக் காற்று ஊதும் இயந்திரம் பழுதானது. அடுத்து அவள் எடுத்த நீரில் அம்மோனியா மீன் தாங்காத அளவுக்கு ஏறியிருந்தது. மேலாளரிடம் ஓடினாள்.

"சார், கீழ இருக்கறவங்களுக்குச் சொல்லிடலாமா?"

"அவசரப்படாதேம்மா. நாளைக்கு இன்னொரு தடவை எடுத்துப் பாரு. உறுதியானா நானே சொல்றேன். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் பேசப் போனை எடுத்தாள். அவர் வாயில் எதுவும் நிற்காது. விஷயம் எங்கிருந்து கசிந்தது என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். மகளின் படிப்பு இன்னும் முடியவில்லை. பாட்டிலைத்தான் சரியாக அலசவில்லையோ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு போனைக் கீழே வைத்தாள்.

மறுநாள் முடிவும் அதுதான். மேலாளர் எல்லாருக்கும் சொல்லி முடிப்பதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

அவள் போனபோது அண்ணனும் அண்ணியும் முழங்கால் நீரில் நின்று செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் இறங்கினாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" அண்ணன் நிமிரவில்லை.

இன்றைக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நேத்து மத்தியானம்."

"நேத்து சாயங்காலம்தான் மோட்டார் போட்டேன்."

"இல்லண்ணா, இன்னொரு தடவை பாத்துட்டு சொல்லலாம்னு..."

"மேல ஏறு. துணியெல்லாம் நாறிடும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இயந்திரம் சரியானது, நீரும் தேறியது. அண்ணன் குட்டையை மண்ணடித்து மூடிவிட்டு ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். அவள் போனில் கூப்பிட்டால், "இரு, உங்க அண்ணிகிட்ட குடுக்கறேன்" என்பார்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்த உடனேயே கீழ்ப்பக்கத்துக் குட்டைக்காரர்களுக்குத் தானே சொல்லிவிடுகிறாள். மேலாளர் கண்டித்தும் கேட்பதில்லை. அவர்கள் நன்றி சொல்லத் தொடங்கும்போது மட்டும், வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிடுகிறாள்.