வளைத்துப் பார்க்கும் வேலை

"வெல்டைக் கண்ணால பார்த்து நம்பாதே, வளைச்சுப் பாரு, அப்புறம்..." என்று மஸ்கட்டில் எனக்கு மேலே இருந்த வயதான ஃபோர்மேன் ஏதோ சொல்வார். அப்புறம் என்ன என்பது மறந்துவிட்டது. வளைப்பது மட்டும் பிழைப்பாகிவிட்டது. பதினாறு வருஷம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது சிகந்தராபாத் பக்கம் மல்லாபூரில் ஒரு ஷெட்டில், வளைகுடாவுக்குப் போகும் வெல்டர்களைச் சோதிக்கிறேன். இரண்டு குழாய்களை ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு பட்டை அறுத்து வளைப்பேன். விரிசல் விடாவிட்டால் விசா. அடுத்தவர் பிழைப்பில் கையெழுத்துப் போடும் உத்தியோகம் உங்களுக்கும் இருந்தால், என் தலைவலி புரியும்.

ஒரே இரும்பு

ஆரம்பத்தில் எல்லாரிடமும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிகந்தராபாத் தமிழர் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னார். அதற்குப் பிறகு யாரையும் கேட்பதில்லை.

"கைக்கு சார், எதுக்கு இந்தக் கேள்வி? இங்கயும் அதே இரும்பு, அதே நெருப்பு. அங்க மூணு பங்கு சம்பளம்."

பக்கத்து ஷெட்காரர்

பக்கத்து ஷெட்டில் தண்ணீர்த் தொட்டி செய்பவர் ராவ். அவரிடம் வேலை பார்க்கும் செல்வம் என்னிடம் சோதனைக்குப் பெயர் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் செல்வம் மாதிரி ஒட்டுகிறவர் கிடையாது. ராவ் இழக்கப்போகும் ஐந்தாவது ஆள். ராவே டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, செல்வத்தை எப்படியாவது ஃபெயில் பண்ணச் சொன்னார். முடியாது என்றேன்.

"நான் தொழில் கத்துக்குடுத்து முடிக்கிற அன்னிக்கு ஒவ்வொருத்தனுக்கும் பாஸ்போர்ட் வருது. நான் நடத்துறது ஃபேக்டரியா, ஏர்போர்ட்டா?"

கம்பி

மறுநாள் செல்வத்தின் மனைவி அமுதா வந்தார். அவருடைய அண்ணன்மார் இருவரும் குவைத்தில். இருவர் வீட்டிலும் மாடி எழும்பிவிட்டது.

"எங்க மாடியில கம்பி மட்டும் நீட்டிக்கிட்டு மூணு வருஷமா துருப்பிடிக்குது, துணி காயப்போடத்தான் ஆகுது. இவரு பாஸ் ஆனாத்தான் சார் அதுக்கு மேல சுவரு."

வெளியே அழகு

செல்வத்தின் பட்டை வளைக்கும்போதே உள்பக்கம் விரிசல் விட்டது. ஆனால் மேல் ஒட்டு சீப்பால் வாரியது போல் இருந்தது. பிரஷ் போட்டுத் துலக்கியும் வைத்திருந்தார். வேலை தெரியாதவன் இரண்டு பக்கமும் கெடுப்பான். இவர் உள்ளே வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, வெளியே கெடுக்கக் கை வராமல் மாட்டிக்கொண்டார். தனியே கூப்பிட்டு, விதிப்படி இன்னொரு வாய்ப்பு உண்டு, வேறு குழாய் தரட்டுமா என்றேன்.

"நக்கோ சார், வேணாம். போன தடவை அங்க போயி நாலு வருஷம் கழிச்சு வந்தேன். என் பொண்ணு டீ கொண்டாந்து, விருந்தாளியைக் கேக்குற மாதிரி சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டா. போக மாட்டேன்னு வீட்ல சொல்ல என்னால ஆகாது. நீங்க ஃபெயில்னு சொல்லிடுங்க."

நான் மஸ்கட்டிலிருந்து திரும்பியபோது, சைனிக்புரியில் என் வீட்டில் பிள்ளைகள் சர்க்கரை எவ்வளவு என்று தமிழில்கூட இல்லை, தெலுங்கில் கேட்டார்கள்.

ராவ் தனக்காகச் செய்தேன் என்று இன்னொரு டீ அனுப்புவார், அமுதா அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவார். இந்த உத்தியோகத்தில் டீயும் திட்டும் பெரும்பாலும் விலாசம் மாறித்தான் வரும். தாளில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.