ஹலோ அக்காவின் முதல் வாக்கியங்கள்

'பதவி: தொலைபேசி உதவியாளர். கல்வித் தகுதி: பள்ளி இறுதி. கணினி அறிவு: இல்லை. தனித்து முடிவெடுக்கும் திறன்: குறைவு. மேற்பார்வை: தேவை.'

கடையின் ஊழியர் பதிவேட்டில், பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் முதலாளி தம் கைப்பட எழுதிய குறிப்பு இது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். உண்மை என்று தேடினால் 'பள்ளி இறுதி' ஒன்றுதான் தேறும். மேற்பார்வை அந்தக் கடையில் நிறையத் தேவைப்பட்டது. ஆனால் மற்ற எல்லோருக்கும். அதைச் செய்துவந்தவர் இந்தக் குறிப்புக்கு உரியவர். மூக்குக் கண்ணாடி எங்கே என்பதைக்கூட முதலாளி இவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். பெரும்பாலும் அது அவர் நெற்றியில் இருக்கும்.

எல்லோருக்கும் இவர் ஹலோ அக்கா. ரிசீவரை எடுத்து அவர் சொல்லும் 'ஹலோ'வில், கோபமாகக் கூப்பிட்டவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதியை அக்கா வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கடை விற்றது ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்தில் சுற்றி ஓடும் ரப்பர். உள்ளே மெல்லிய காந்தப் பட்டை இருக்கும். கதவு கவ்விக்கொள்வது அதனால்தான். அளவு சொன்னால் பின்னறையில் இருக்கும் கட்டர் அண்ணன் வெட்டி, நான்கு மூலைகளையும் சூட்டில் ஒட்டிச் சட்டமாக்கித் தருவார். இவ்வளவுதான் தொழில். ஆனால் இதை ரப்பர் என்று யாராவது சொன்னால் முதலாளிக்கு முகம் சுண்டிவிடும். "ரப்பர் இல்லீங்க, காந்தக் கதவு முத்திரை" என்று, பணத்தோடு வந்து நிற்கும் ஆளையே திருத்துவார். நான்கு வருடங்களுக்கு முன் கடைக்கு வெப்சைட் போட்டபோது, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்து உட்கார்ந்தது: 'முழுமையான காந்தக் கதவு முத்திரைத் தீர்வுகள்.'

அக்காவின் மேஜை ஜன்னலோரம். அவருக்குக் கால் தரைக்கு எட்டாது. அதனால் மேஜைக்கு அடியில் நிரம்பிப்போன நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் பாதங்களை வைத்திருப்பார். நாற்பத்தொரு நோட்டுகள். அவற்றுக்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், போனில் ஒருவர் சொன்னதை அக்கா கொஞ்சம் செம்மைப்படுத்தி எழுதப்போய், மேல் கதவுக்குக் கேட்டவருக்குக் கீழ்க் கதவின் சட்டம் போய்ச் சேர்ந்தது. முதலாளி சொன்னார்: "உங்க அறிவைக் கலக்காதீங்கம்மா. அவங்க சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க."

முதலாளிகள் சொல்வதை ஊழியர்கள் இப்படி அட்சரம் பிசகாமல் கேட்டால் உலகத்தில் பாதித் தொழில்கள் படுத்துவிடும். அக்கா கேட்டார். அன்றுமுதல் யார் கூப்பிட்டாலும், தேதி போட்டு, அவர் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதினார். 'கதவு தானா தொறந்துக்குது.' 'ஓரமெல்லாம் கறுப்பா பூத்திருக்கு.' 'எங்க ஃபிரிட்ஜ் நிக்காம அழுவுதுங்க.' 'என் வீட்டுக்காரர் கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலி போட்டிருக்கார், அவரையும் சேர்த்துச் சரிபண்ணுவீங்களா?'

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன் வாயை மூடும் வரை. நாளுக்கு நாற்பது அழைப்பு வந்த இடத்தில், இரண்டே வருடத்தில் நான்கு என்றாகியது. அதில் ஒன்று ராங் நம்பர்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். பழைய வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்தவரும் அவரேதான்; இப்போது புதிது விற்க வந்திருந்தார்.

"ஜனங்க இப்ப போன்ல பேசுறதை விட்டுட்டாங்க சார்," என்றார் டைக்காரர். "புது வெப்சைட் போடுவோம். அதுல பேசுற மென்பொருள் ஒண்ணு வைப்போம். எது கேட்டாலும் பதில் சொல்லும். லீவு கேக்காது, அலுத்துக்காது."

"டீ குடிக்குமா?" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"குடிக்காதும்மா."

"டீயும் குடிக்காது, அலுத்துக்கவும் அலுத்துக்காது. அப்புறம் எதை வெச்சு அது ஜனங்ககிட்ட பேச்சுக் குடுக்கும்?"

டைக்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. புது வெட்டு மெஷின் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார்; மூன்று மாதத்தில் வந்துவிடும்; அதை வைக்க இடம் வேண்டும். அன்று மத்தியானம் சாக்பீஸ் எடுத்துவந்து அளந்து தரையில் கட்டம் போட்டார். கட்டத்துக்கு நட்டநடுவில் அக்காவின் மேஜையும், நாற்காலியும், நாற்காலியில் அக்காவும் இருந்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. போனே அடிக்கலன்னா போன் மேஜை எதுக்கு?"

"அடிச்சா?"

"அடிச்சா இருக்கட்டும். மெஷின் வர்ற வரைக்கும் பார்ப்போம்."

"வெப்சைட்டை நான் கொஞ்சம் பார்க்கலாமா சார்?"

"அதுக்கென்ன குறை? நான் தேடினா நம்ம கடைதான் முதல்ல வருது."

"எப்படித் தேடுறீங்க?"

முதலாளி செய்து காட்டினார். கடையின் வெப்சைட் முகவரியை, புள்ளி விடாமல், முழுசாக டைப் செய்தார். கடை வந்தது.

"நம்ம விலாசத்தை நாமளே எழுதிக் குடுத்துட்டு, வழி கேட்டா யாருதான் சொல்ல மாட்டாங்க?" என்று அக்கா தம் போனை எடுத்தார். 'ஃபிரிட்ஜ் கதவு தானா தொறந்துக்குது' என்று ஒற்றை விரலால் எழுதித் தேடினார். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். பதினான்காம் பக்கத்தோடு தேடல் கையை விரித்துவிட்டது.

"பூனை நுழையிறதுக்குக் கதவு விக்கிறவர்கூட இருக்கார் சார். நாமதான் இல்ல."

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளிடம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துவைத்து, படித்துப் படித்துச் சொன்னாள்.

"ம்மா, ஜனங்க என்ன வார்த்தை போட்டுத் தேடுறாங்களோ, அந்த வார்த்தை நம்ம பக்கத்துல இருக்கணுமாம். என்ன போட்டுத் தேடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுதான் பெரிய பாடாம். அதைக் கண்டுபிடிக்கன்னே தனியா மென்பொருள் விக்கிறாங்க."

அக்கா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "அது என் காலுக்கடியில இருக்குடீ."

அடுத்த பத்து நாள், சாப்பாட்டு நேரத்தில் காலைத் தொங்கவிட்டபடி நாற்பத்தொரு நோட்டுகளையும் புரட்டினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கோடு போட்டு, ஐந்தைந்தாகக் கட்டி எண்ணினார். அதிகம் வருவது 'ரப்பர் கிழிஞ்சுபோச்சு' என்றுதான் நினைத்திருந்தார். இல்லை, 'கதவு தானா தொறந்துக்குது' அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 'காந்தக் கதவு முத்திரை' என்று பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒருவர் கேட்டிருந்தார். முதலாளியின் மைத்துனர், கிண்டலுக்கு.

வெப்சைட்டின் கடவுச்சொல்லை முதலாளி ரகசியமாக, காலண்டரின் கீழ் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவைத்திருந்தார். புதுப் பக்கம் எப்படிச் சேர்ப்பது என்று மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிக்கொடுத்தாள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், கூப்பிட்டவர் சொன்ன வாக்கியமே தலைப்பு, கீழே பதில். கேட்க லேசாக இருந்தது. ஆனால் திரையைப் பார்த்தால் அக்காவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வந்ததும் 'வாடிக்கையாளர் பெருமக்களுக்கு' என்றே வந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். செத்துக்கிடந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ" என்றார். பிறகு மடை திறந்த மாதிரி வந்தது.

"பதறாதீங்க. கதவைத் தொறந்து நடுவுல ஒரு தாளை வெச்சு மூடுங்க. இப்பத் தாளை இழுங்க. சுலபமா வந்துடுச்சா? அப்ப அந்த இடத்துல ரப்பர் கவ்வல. நாலு பக்கமும் இதே மாதிரி பாருங்க..."

இடது கையில் ரிசீவர், வலது கையின் ஆள்காட்டி விரலில் டைப்பிங். கடைக்கு வந்த ஒருவர், இந்தம்மாவுக்கு எவ்வளவு பிஸி என்று வியந்துவிட்டுப் போனார்.

படத்துக்குக் கட்டர் அண்ணன் உதவினார். ரப்பரைக் குறுக்கே வெட்டி, அளவுகோலை ஒட்டிவைத்து ஒவ்வொரு வகையையும் எடுத்தார். எல்லாப் படத்திலும் கட்டுப்போட்ட அவருடைய கட்டைவிரல் தலைகாட்டியது.

"விரலை எடுத்துடவாக்கா? அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும்ணே. மெஷின் இல்ல, மனுசன் வெட்டுறான்னு தெரியட்டும்."

முதலாளி ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு நழுவ ஓடிவந்தார். "என்னம்மா இது? ரப்பர் மடங்கிக் கிடந்தா வெந்நீர்த் துணியால ஒத்தடம் குடுங்க, நிமிர்ந்துடும், புதுசு வாங்க வேண்டாம்னு போட்டிருக்கீங்க! நம்ம கடையில உக்காந்துக்கிட்டு வாங்காதேன்னு சொல்றதா?"

"போன்ல பத்தொன்பது வருஷமா அதைத்தான் சார் சொல்றேன்."

முதலாளி அந்தப் பத்தொன்பது வருடத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆறு வாரத்தில் ஐம்பத்திரண்டு பக்கம். பலன், பூஜ்யம். ஏழாவது வாரமும் தேடினால் பூனைக் கதவுக்காரர் இருந்தார், இவர்கள் இல்லை. கடைப் பெயரைப் போட்டுத் தேடினாலும் இல்லை. பின்னால் இருந்தால் முன்னேறலாம். எங்குமே இல்லாததற்கு என்ன செய்வது? அக்கா, மாத்திரை அட்டையைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறவர். வெப்சைட்டின் அமைப்புப் பக்கங்களையும் மேலிருந்து கீழாக அப்படியே படிக்க ஆரம்பித்தார். நான்காவது பக்கத்தின் அடியில் ஒரு வரி: 'இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளவும்.' பக்கத்தில் குட்டிக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு டிக்.

டைக்காரரைப் போனில் பிடித்தார்.

"அதுவா? ஐயோ, ஆமாம்மா! வேலை முடியிற வரைக்கும் போட்டிக் கடைக்காரங்க கண்ணுல படக் கூடாதுன்னு சார்தான் போடச் சொன்னாரு. நிறுவனர் பக்கத்துக்குத் தன் போட்டோ தர்றேன், அதோட வேலை முடிஞ்சுது, எடுத்துடுங்கன்னாரு. போட்டோ வரவே இல்ல. நானும் மறந்துட்டேன்."

அக்கா ரிசீவரை வைத்தார். எழுந்து முதலாளி அறைக்குப் போனார்.

"ஏன் சார், நாலு வருஷமா போர்டை மாட்டி, அதுமேல போர்வையைப் போத்தியா வெச்சிருக்கோம்?"

விவரம் கேட்டதும் முதலாளிக்குக் குரல் இறங்கியது. "போட்டோ சரியா அமையலம்மா. ஒண்ணுல கண்ணு மூடியிருக்கு. இன்னொண்ணுல தொறந்திருக்கு."

"தொறந்திருந்தா நல்லதுதானே?"

"பயந்த மாதிரி இருக்கு. அடுத்த வாரம் வேற ஒண்ணு எடுத்து..."

தனித்து முடிவெடுக்கும் திறன் குறைவான அந்தப் பெண்மணி, வாக்கியம் முடிவதற்குள் தம் மேஜைக்குத் திரும்பி டிக்கை எடுத்துவிட்டிருந்தார்.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் கடை ஆறாம் பக்கத்தில் தலைநீட்டியது. பிறகு மூன்றாம் பக்கம். பூனைக் கதவுக்காரரைத் தாண்டிய அன்று கட்டர் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பதினோராம் வாரம் ஒரு காலை, போன் அடித்தது.

"அக்கா, கதவு தானா தொறந்துக்குது."

அக்கா தேதி போட்டு எழுதினார். பிறகுதான் கேட்டார்: "எங்களை எங்க பார்த்தீங்க?"

"இதையேதான் எழுதித் தேடினேன். முதல்லயே நீங்க வந்தீங்க. எங்க சமையலறையில உக்காந்து எழுதின மாதிரி இருந்தது. ஆமா, அந்த அண்ணன் கட்டைவிரல் ஆறிடுச்சா?"

ரிசீவரை வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. சாயங்காலத்துக்குள் பத்தொன்பது. வாரக் கடைசியில் நாளுக்கு முப்பத்தைந்து. எல்லாவற்றிலும் அதிகம் பேரை அனுப்பியது எந்தப் பக்கம் என்று பார்த்தால், வாங்க வேண்டாம் என்று சொன்ன அந்த வெந்நீர்ப் பக்கம். ஒத்தடம் கொடுத்துச் சரியானவர்கள் நன்றி சொல்லக் கூப்பிட்டு, மாமியார் வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஒன்று சொல்லிவிட்டு வைத்தார்கள்.

"வாங்குங்க வாங்குங்கன்னு நாலு வருஷம் எழுதி வெச்சேன், ஒருத்தரும் வரல," என்றார் முதலாளி.

"உங்களை ஒருத்தரும் பார்க்கவே இல்லையே சார்."

பன்னிரண்டாம் வாரம் மெஷின் வந்தது. அதே மணிக்கு, புது வெப்சைட்டுக்கான ஒப்பந்தத் தாள்களோடு டைக்காரரும் வந்தார். மெஷினைத் தூக்கிவந்த இருவர் வாசலில் மூச்சு வாங்க, "எங்க சார் இறக்கணும்?" என்றார்கள். முதலாளி சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்தார். வந்துபோனவர்களின் கால்பட்டு அதில் ஒரு பக்கக் கோடுதான் மிச்சமிருந்தது. கட்டத்துக்குள் அக்கா ஒருவருக்குத் தாளை வைத்து இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது இரண்டாவது இணைப்பும் அலறியது. வேறு கை இல்லாததால் முதலாளியே எடுத்தார். கேட்டார். மூச்சை இழுத்து, திருத்தப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார்.

"ரப்பர்தானே? குடுத்துடலாம்மா," என்றார்.

பின்னறையில் எதுவோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. கட்டர் அண்ணனின் கையிலிருந்த அளவுகோலாக இருக்கலாம்.

மெஷின் முதலாளியின் அறையில் இறங்கியது. முதலாளியின் மேஜை நடைவழிக்கு வந்தது. காற்றோட்டமாக இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். நிறுவனர் பக்கத்தில் படம் இன்னும் இல்லை.

டைக்காரர் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தப் பக்கமெல்லாம் யாரு சார் எழுதினது?"

முதலாளி பதிலுக்குப் பதிவேட்டை எடுத்துவந்தார். 'கணினி அறிவு: இல்லை' என்பதிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே கோடாக அடித்தார். "பதவியை மாத்தணும். என்னன்னு போடலாம்?"

"தேடுபொறி உகப்பாக்க நிபுணர்னு போடுங்க சார்," என்றார் டைக்காரர்.

"அதையெல்லாம் யாரும் தேட மாட்டாங்க," என்றார் அக்கா. "செஞ்சதைச் செஞ்சபடி எழுதுங்க சார். உங்க அறிவைக் கலக்காதீங்க."

முதலாளி கண்ணாடியைத் தேடினார். அக்கா தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பிறகு முதலாளி முத்து முத்தாக எழுதினார்:

'போனில் கூப்பிட்டவர்கள் சொன்ன முதல் வாக்கியத்தை, பத்தொன்பது வருடம், சொன்னபடியே எழுதி வைத்தார். பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி போட்டார்.'