மூன்று வருசமாக வளராத சுவர்

இருபத்தாறு வருசமாக ரொறன்ரோவில் மேசன் வேலை செய்கிறவர் நவரட்ணம். ஒழுகுகிற பேஸ்மென்ட் சுவருக்குப் பெயின்ற் அடித்துவிட்டுத் தப்பி ஓடுகிற ஆட்களைக் கண்டு கண்டு, யார் எதைச் சொன்னாலும் அவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் ஸ்ரீதேவி என்ற பெண் திரையில் புகைப்படங்கள் காட்டிய அன்றும் அப்படித்தான். சென்னையிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். கோடைதோறும் தொண்டர்களோடு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கட்டுகிறாள். மூன்று வருசப் படங்களிலும் முகங்கள் வேறு. பின்னால் நின்றது அதே மாமரம். அதே நெஞ்சளவுச் சுவர்.

"பிள்ளை, உந்தச் சுவர் மூண்டு வருசமா வளரேல்லையே?"

"மழையில விழுந்துடுச்சுன்னு தலைமையாசிரியர் சொன்னார் அங்கிள்."

"மூண்டு வருசமும் மழையோ?"

அவள் பதில் சொல்வதற்குள் வேறு யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

"உது புலுடா. படம் எடுக்கத்தான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறாள்," என்றார் நவரட்ணம் வீட்டில்.

"அப்ப நீங்களே போய்ப் பாருங்கோவன்," என்றாள் மனைவி தவமணி.

யூலையில் தொண்டர்களோடு தானும் போனார். விமானத்திலேயே பக்கத்தில் இருந்த தொண்டர்களைக் கேள்வி கேட்டுத் துருவத் தொடங்கிவிட்டார். அங்கே ஸ்ரீதேவி உள்ளங்கை கொப்பளிக்க மண் சுமந்தாள். அதையும் அவர் நடிப்பென்றே நினைத்தார்.

நான்காம் நாள், தொண்டர்கள் புதிதாகக் கட்டிய சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டு விரல் அளவு வெளியே சரிந்திருந்தது. பிரி என்ற அந்தத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் தனியே கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: "உண்மையிலேயே மழையா?"

பிரி தயங்கினார். "இல்லை. ஒவ்வொரு வருசமும் நாங்கள்தான் இடித்தோம். இதன் கீழே பிள்ளைகளை எப்படி இருத்துவது? ஆனால் இவ்வளவு தூரம் வந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?"

நவரட்ணத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இரண்டு மாதமாக அந்தப் பெண்ணைக் கள்ளி என்று நினைத்திருந்தாரே.

விசயத்தை அவளிடம் சொன்னார். மணற்குவியலில் குந்தியிருந்தவள் சரிந்து நின்ற சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, "வாங்க அங்கிள், இதையும் நாமே இடிச்சிடலாம்," என்றாள்.

மறுநாளிலிருந்து ஊர் மேசன்மார் கல் வைத்தார்கள், நவரட்ணமும் அவர்களோடு நின்றார். தொண்டர்கள் தண்ணீரும் மண்ணும் சுமந்தார்கள். அடுத்த வருசம் கூரை ஏறியது. பிள்ளைகள் உள்ளே இருந்து படிக்கிறார்கள்.

இப்போது மலாவிக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் மோர்னிங்சைட்டில் நவரட்ணம் வீட்டுப் பின்வளவுக்கு வரவேண்டும். சனிக்கிழமைகளில் சுவர் கட்டப் பயிற்சி. முதல் ஆளாக வந்தவள் ஸ்ரீதேவிதான். ஒரு வரி கல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரியா இருக்கா அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. கழட்டிப்போட்டுத் திருப்பி வை."

அவள் கற்களைக் கழற்றத் தொடங்கினாள்.