ஏகமனதாக ஒரு தேர்தல்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை. தேர்தல்.

நாடாளுமன்றத் தேர்தல் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் ஹரோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். இவ்வளவு காலமும் தலைவர்கள் ‘ஏகமனதாகத் தெரிவு’ செய்யப்பட்டார்கள். ஒருவர் பெயரைச் சொல்வார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டிவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போவோம். இந்த முறைதான் இரண்டு பேர் நின்றார்கள். போதாக்குறைக்கு, அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்களின் விவாதத்தை ரீவியில் பார்த்த எங்கள் செயலாளர், எங்களுக்கும் ஒரு விவாதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இதில் என் கணவருக்கு என்ன கவலை?

ஒரு வேட்பாளர் செல்வம் அண்ணை. நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய அன்று ஹீத்ரோவுக்குக் கார் கொண்டு வந்தவர். தன் வீட்டு முன்னறையை எங்களுக்கு விட்டுத் தந்தவர். மற்றவர் பவளம் ரீச்சர். அவர் வென்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தொடங்குவாராம். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது...

"ரீச்சருக்குப் போட வேணும் போல கிடக்கு. பிறகு அண்ணையின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார் இவர்.

"நன்றி வேறை, வோட்டு வேறை. விவாதத்திலை அண்ணையும் வகுப்பைப் பற்றிச் சொல்லுவார், இருந்து பாருங்கோ" என்றேன். எங்கள் நம்பிக்கையெல்லாம் அதுதான்.

அண்ணை பட்மின்ரனைப் பற்றிப் பேசினார். முழுக்க முழுக்கப் பட்மின்ரன்.

வாக்குப்பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் ரின்னுக்குள் சீட்டைப் போடுமுன் இவர் அதை எட்டாக மடித்து, சுற்றுமுற்றும் பார்த்தார். நியாயம்தானே? நாங்கள் விட்டு வந்த இடத்தில், மாற்றுக் கருத்துச் சொன்னவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? இவருக்குப் புத்தி சொன்ன நான் யாருக்குப் போட்டேன் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

வென்றது செல்வம் அண்ணை. செயலாளர் மைக்கைப் பிடித்தார். பழக்க தோஷம் – "செல்வம் அவர்கள் ஏகமனதாக..." என்று தொடங்கினார்.

"இல்லை."

திரும்பிப் பார்த்தால், என் கணவர் எழுந்து நிற்கிறார். கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர்.

"ஏகமனதா இல்லை. நான் ரீச்சருக்குத்தான் போட்டனான். அண்ணை குறை நினைக்கக் கூடாது."

நான் இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

செல்வம் அண்ணை மேடையை விட்டு இறங்கி நேரே இவரிடம் வந்தார். "உம்மடை வோட்டு, உம்மடை விருப்பம் தம்பி. அதை விடும். வெளியிலை மழை கொட்டுது, என்னோடை வாரும். வீட்டிலை விட்டிட்டுப் போறன்."

காரில் வழி முழுக்க இருவரும் வகுப்பைப் பற்றித்தான் கதைத்தார்கள். ரீச்சரையே அதைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேட்கப்போவதாக அண்ணை சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹீத்ரோவில் இருந்து ஏற்றி வந்தபோதுகூட இந்த மனிதருக்கு இவ்வளவு நன்றி சொல்லத் தோன்றவில்லை. தனக்கு எதிராக வாக்குப் போட்டவரைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்டவர் அல்லவா?

ஒரேயொரு மனக்குறை. ரீச்சருக்குப் போட்டவருக்கு முன் சீட். அண்ணைக்கே போட்ட எனக்குப் பின் சீட்.