ஆணி அடிக்காத சுவர்

வஞ்சம் வைக்கக் கூடாது என்று முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். ஒரே ஒரு பெண்மணி மேல் மட்டும் வஞ்சம் வைத்தேன். அதைத் தீர்த்தும் கொண்டேன். அதற்காக எந்தக் கோயிலிலும் போய் நின்று மன்னிப்புக் கேட்டதில்லை.

சமஸ்தான ஆட்சி போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். புதுக்கோட்டை டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இருந்த தனி அறையை வாடகைக்குப் பிடித்தேன். சொந்த ஊர் மணமேல்குடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு முன் நாலு ஊருக்கு மாற்றலாகி அலைந்ததில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. நான் ஒருத்தியாகத் தூக்க முடியாத சாமானை வீட்டில் வைப்பதில்லை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு முக்காலி, தரையில் உட்கார்ந்து எழுதுகிற சாய்வு மேஜை, ஒரு டிரங்குப் பெட்டி, கொஞ்சம் சமையல் பாத்திரம். குடித்தனம் மொத்தமும் அவ்வளவுதான். குதிரை வண்டியிலிருந்து இவை இறங்குவதை வீட்டுக்காரம்மா வாசலில் நின்று பார்த்தாள். மரியாதையாக 'பார்த்தார்' என்று எழுதலாம்தான். கை வரவில்லை.

"பின்னாடி வேற வண்டி வருதுங்களா டீச்சர்?"

"இல்லைங்க. இம்புட்டுத்தான்."

அன்று சாயங்காலமே மதில் பக்கம் நின்று அடுத்த வீட்டு அக்காவிடம் அவள் சொன்னது என் ஜன்னலுக்குள் தெளிவாக விழுந்தது. "நாலு சாமான் வச்சிருக்கு. சத்திரத்துல தங்க வந்த மாதிரி வந்திருக்கு." எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள் என்பது என் எண்ணம்.

சாவியைக் கொடுத்தபோது ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். "செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது டீச்சர். முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசின செவுரு. எங்க மாமனார் காலத்துது." நான் நம்பினேன். முன்கட்டுச் சுவர்கள் உண்மையிலேயே பளிங்கு மாதிரி இருந்தன. பின்கட்டும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசி மழை வந்ததும் உண்மை தெரிந்தது. என் அறை ஒரு காலத்தில் வைக்கோல் போட்டுவைத்த கொட்டடி. மண் சுவரின் மேல் ஒப்புக்குக் காரை பூசி வெள்ளையடித்திருந்தார்கள். ஈரம் ஏற ஏறக் காரை உப்பிக்கொண்டு வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் சுண்ணாம்பு விழுந்தது. பூசித் தரச் சொல்லி நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் "பாப்போம் டீச்சர்" என்றாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

கேட்பதை விட்டேனே தவிர அந்தச் சுவரை முறைத்துப் பார்ப்பதை விடவில்லை. உத்தரங்களில் வைக்கோல் பிரி கட்டித் தொங்கவிட்ட காலத்து இரும்பு வளையங்கள் இருந்தன. ஒரு நீளமான தென்னங்கயிறு வாங்கி அறையைச் சுற்றி அந்த வளையங்களுக்குள் கோத்து, இரண்டு நுனியையும் ஜன்னல் கம்பியில் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டேன். ஆணியே இல்லை. கண்டிஷன் கண்டிஷன்தான்.

அந்தக் கயிற்றில்தான் என் ராஜ்ஜியம் தொங்கியது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைக் கிழித்து, தையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய வெட்டுத் துண்டுகளோடு சேர்த்துத் தைத்துப் பெரிய பெரிய திரைகளாக்கினேன். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம், எதுவும் எதோடும் சேராது. ஊருக்குப் போனபோது கிழிந்த மீன் வலை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து காவிச் சாயத்தில் முக்கி, கண்ணிகளில் சிப்பி கட்டினேன். பஸ் ஸ்டாண்டில் நரிக்குறவப் பெண்கள் விற்ற பாசிமணிச் சரங்கள் ஜன்னலுக்குப் போயின. நார்த்தாமலைத் திருவிழாவில் வாங்கிய சாய ஓலை விசிறிகள் ஏழு. தரையில் அந்த நாலே சாமான், நடுவில் வெறும் சிமெண்டுத் தரை, சுற்றிலும் இத்தனை நிறம். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் திறந்தால் பசியே மறந்துபோகும். அலமாரியும் நாற்காலியுமாக அடைத்திருந்தால் அந்தத் துணிகள் கண்ணிலேயே பட்டிருக்காது. இடம் சும்மா கிடந்ததால்தான் அவை அப்படி நின்றன.

"என்ன டீச்சர், நாடோடிக் கூடாரமாட்டம் பண்ணி வச்சிருக்கீங்க" என்று முதலில் மூக்கைச் சுளித்தாள். ஆறு மாதத்தில் தன் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டிவந்து என் அறையைக் காட்ட ஆரம்பித்தாள். "எங்க பின்கட்டு" என்பாள். துணி என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். போகட்டும் என்று மூன்று வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்தேன்.

நான்காவது வருஷம் மே மாத லீவுக்கு மணமேல்குடி போகையில், மழை வந்தால் ஜன்னலைச் சாத்தட்டும் என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்த அன்றே வாசலில் மறித்தாள்.

"பத்து நாள்ல காலி பண்ணிக் குடுத்துருங்க டீச்சர். ஒரு ஆபீசர் குடும்பம் வருது. அந்த அம்மா அறையைப் பாத்துச்சு, ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஒத்தை ஆளு, ஒங்களுக்கு எங்கிட்டாவது எடம் கெடைக்கும்."

என் துணியைக் காட்டி என் அறையைக் கூடுதல் வாடகைக்கு விட்டிருந்தாள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள் வந்தது. தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"உங்க அறைக்கு யார் யாரோ வந்து போறதா வீதியில பேச்சு இருக்கு. கலர் கலரா திரை போட்டிருக்கீங்களாமே. இன்னொரு தடவை காதுல விழுந்தா நான் மேலே எழுத வேண்டியிருக்கும்."

விசாரிக்க வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டு அக்காவே சொல்லிவிட்டார். தனியாக இருக்கிற பெண்பிள்ளையைத் திடீரென்று வெளியே அனுப்பினால் வீதி நாலு கேள்வி கேட்கும் அல்லவா, அதற்கு முன்கூட்டியே பதில் தயார் செய்திருக்கிறாள் வீட்டுக்காரம்மா. "யாரு வந்து பாக்கப்போறான்னு இம்புட்டு அலங்காரம்? அதான் காலி பண்ணச் சொல்லிட்டேன்." என் வேலையும் பெயரும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கின. அன்று இரவு நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன்.

மறுநாள் அவளிடம் பணிவாகப் போய் நின்று, அவர்கள் எப்போது குடி வருகிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமை காலையில பால் காய்ச்ச வாராக. அதுவரைக்கும் துணியெல்லாம் அப்படியே இருக்கட்டும் டீச்சர். நடுவுல வந்து பாத்தாலும் பாப்பாக."

"சரிங்க. அன்னைக்குக் காலையிலேயே ஒழிச்சுத் தாரேன்" என்றேன். அவளுக்கு என் மேல் பிரியமே வந்துவிட்டது. காபி கொடுத்தாள். குடித்தேன்.

வேறு வீதியில் ஓர் அறை பார்த்து, கட்டிலையும் பெட்டியையும் முந்தின நாளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசர் வந்தார், மனைவி வந்தாள், ஆபீசரின் அம்மா வந்தார். பின்னாலேயே மாட்டு வண்டியில் பீரோ, மேஜை, பெரிய சுவர்க் கடிகாரம். வேடிக்கை பார்க்க அடுத்த வீட்டு அக்காவும் வீதிப் பெண்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். சுவரோரம் அடுப்பு மூட்டிப் பாலை வைத்தார்கள். அறை அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் விசிறிகளைத் துடைத்து வைத்திருந்தேன்.

"நல்ல நேரம் போறதுக்குள்ள என்னோடதை எடுத்துக்கிறேங்க" என்று சொல்லி ஜன்னல் கம்பியிலிருந்த முடிச்சை இழுத்தேன்.

ஒரே முடிச்சு. கயிறு வளையங்களுக்குள் சரசரவென்று ஓடி, என் நான்கு வருஷமும் மூன்று சுவரிலிருந்தும் ஒன்றாகக் கீழே இறங்கியது. பின்னால் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பூசணம் பிடித்த கறுப்பு, உப்பித் தொங்கும் காரை, வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்த மண்.

வீட்டுக்காரம்மாதான் முதலில் சுதாரித்தாள். "வெள்ளை அடிச்சாச் சரியாப் போயிரும்" என்றாள். ஆபீசர் நல்ல மனிதர், நம்பத் தயாராகத்தான் இருந்தார். கடிகாரத்தை எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்த்து, "ஆணி தாங்குமா?" என்று என்னைக் கேட்டார். அவருக்குக் கெடுதல் நினைக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"தாராளமா அடிங்க சார். முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசின செவுரு. இவுக மாமனார் காலத்துது."

வீட்டுக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டு அடி அடித்துவிட்டார். முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து நேராகப் பாலில் விழுந்தது. பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பு அணைந்தது. ஆபீசரின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அந்தச் சகுனத்துக்குப் பிறகு எவ்வளவு வாடகை குறைத்தாலும் அவர் உள்ளே வந்திருக்க மாட்டார். ஆபீசர் மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும்.

"அந்தத் திரையை எல்லாம் காட்டி, நான்தான் ஆசையா செஞ்சு வச்சேன், அறையோட சேத்து விடுறேன்னுதானே அட்வான்ஸ் வாங்குனீங்க?"

அடுத்த வீட்டு அக்கா வாயில் வைத்த விரலை எடுத்தார். "ஏன்க்கா, அந்தத் திரைக்காகத்தான் டீச்சரைக் காலி பண்ணச் சொன்னேன்னு எங்ககிட்ட சொன்னீங்க?" வீதிப் பெண்கள் எல்லோரும் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் நிதானமாக, ஆசை தீரப் பார்த்துக்கொண்டேன்.

வண்டி வந்த வழியே திரும்பியது. நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"அந்தத் துணிகளை மட்டும் விட்டுட்டுப் போங்க டீச்சர். வெலைக்காச்சும் குடுங்க."

"யாரு வந்து பாக்கப்போறான்னு கேட்டீங்கள்ல. இத்தனை பேரு வந்து பாத்துட்டாங்க. போதுங்க" என்றேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒருத்தியாகத் தூக்கக்கூடிய கனம்தான்.

வீதி பேச்சை மாற்றிக்கொண்டது. தலைமை ஆசிரியை அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. பின்கட்டு அறைக்கு இரண்டு மழைக்காலம் யாரும் வரவில்லை. அந்த வீதி என் புது அறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியே இல்லை. இருந்தும் தினமும் காலையில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் போனேன், பின்கட்டுக் கதவில் இன்னும் பூட்டு தொங்குகிறதா என்று பார்க்க.