எடில்சா டீச்சரின் காலை அறிவிப்பு

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் என்று ஒருவர் உண்டு. கூட்டம், மாநாடு என்று எப்போதும் வெளியூரில் இருப்பார். பள்ளிக்கூடத்தை உண்மையில் தூக்கிச் சுமந்தது எடில்சா டீச்சர்தான். ஒழுங்குப் பொறுப்பாளர் என்று காகிதத்தில் பெரிய பெயர். கேட்டில் நின்று நகம் பார்ப்பது, காலுறை பார்ப்பது, போனை அணைக்க வைப்பது, காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு அதன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, இதுதான் அந்தப் பெரிய வேலை. சம்பளம் என்னவோ பழைய சம்பளமேதான்.

நான் ரோசிரிஸ். கேட்டுக்கு உள்பக்கம் சோளமாவில் முட்டை வைத்துப் பொரித்த அரேப்பாவும் பழச்சாறும் மிட்டாயும் விற்கிறேன். என் எண்ணெய்ச் சட்டியிலிருந்து பார்த்தால் டீச்சரின் முதுகு தெரியும். அந்த முதுகு வருஷத்துக்கு வருஷம் வளைந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

டீச்சர் ஆற்றுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். படிப்பு முடித்த கையோடு எங்கள் ஊர் லோரிக்காவுக்கு வந்து முதல் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போனதும், பேச்சு குறைவான வேலை தருகிறோம் என்று சொல்லி கேட்டில் நிறுத்தினார்கள். யோசித்தவன் ஒரு நாளாவது கேட்டில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும், அங்கே பேச்சு குறைவா கூடவா என்று. கணவர் காலமாகிவிட்டார். மகன் தூரத்தில் மெதெயின் நகரத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். ஓய்வுக்கு எழுதிப் போட்டார், மாற்று ஆள் வரட்டும் என்று பதில் வந்தது. மாற்று ஆள் வரவில்லை. கால் இரண்டும் மதியத்துக்குள் வீங்கிப் போகும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பக்கத்தில் போட்டிருப்பார், ஆனால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் ஓடிவிடுவார்கள் என்பார்.

பெற்றோர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு. எழுதிப் போட்டால் யாரும் படிப்பதில்லை என்று, தினமும் காலையில் கரகரத்த குரலில் பேசியே அனுப்புவார். நாளை விடுமுறை இல்லை, வெள்ளைக் காலுறை போட்டு அனுப்புங்கள், சூயிங்கம் வேண்டாம், இரவில் பிள்ளை கையில் போன் வேண்டாம். அதற்குப் பதிலாக நாலு கட்டைவிரல் வரும், யாரோ ஒருத்தி பன்றிக்கறி விலை போடுவாள், இன்னொருத்தி பிரார்த்தனை ஒன்றை ஒன்பது பேருக்கு அனுப்பச் சொல்வாள். கடைசியில் ஒரு தகப்பன் கேட்பான், நாளைக்கு ஸ்கூல் உண்டா டீச்சர் என்று.

"ஏன் டீச்சர் உயிர விடுறீங்க? ஒருத்தரும் கேக்கல" என்பேன்.

"கேக்குறாங்களோ இல்லயோ, நான் சொல்லலைன்னு யாரும் சொல்லக்கூடாது பாரு" என்பார். அதைச் சொல்லும்போதே கொட்டாவி வந்துவிடும்.

பிள்ளைகளுக்கும் திங்கட்கிழமை முற்றத்தில் அதே பாட்டுத்தான். தெரியாத ஆளோடு போனில் பேசக்கூடாது. வீடு எங்கே என்று சொல்லக்கூடாது. பள்ளிச் சீருடையோடு படம் அனுப்பக்கூடாது. யாராவது 'அம்மாவிடம் சொல்லாதே' என்றால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கூடவே ராகம் போட்டுச் சொல்வார்கள். அது முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த விதி: வரிசையில் தள்ளக்கூடாது, குழாயைத் திறந்து விடக்கூடாது, கோள் சொல்லக்கூடாது.

இந்தக் கடைசி விதிதான் டீச்சருக்கு உயிர். முந்நூறு பிள்ளைகளும் ஆளுக்கொரு புகாரோடு வந்து நின்றால் எந்த மனுஷி தாங்குவாள்? எங்கள் பக்கம் கோள் சொல்கிறவர்களைத் தேரை என்போம். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் போகாது. எங்கள் பள்ளிக்கூடத்தின் தேரை, நாலாம் வகுப்பு கெய்லா. மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். எதையும் பார்க்காமல் இருக்கவும் தெரியாது, பார்த்ததைச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது.

"டீச்சர், வில்மர் சுவத்துல பல்லி வரையறான்."

"வரையட்டும்."

"அதுக்குக் கீழ உங்க பேர எழுதுறான்."

"எழுதட்டும்டி. போ, வகுப்புக்குப் போ."

செப்டம்பர் வந்தது. எங்களுக்கு அது அன்புக்கும் நட்புக்குமான மாதம். எல்லா வகுப்பிலும் ரகசிய நண்பர் ஆட்டம் உண்டு. பேர் எழுதிய சீட்டைச் சுருட்டி ஆளுக்கொன்று எடுப்பார்கள். யார் பேர் வந்ததோ அவர் பையில் வாரம் முழுக்க யாருக்கும் தெரியாமல் மிட்டாய் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பரிசோடு வந்து 'நான்தான்' என்று சொல்ல வேண்டும். அதுவரை வாயைத் திறந்தால் ஆட்டம் கெட்டுப்போகும். எனக்கு வியாபாரம் நடக்கும் மாதம், குறை சொல்ல மாட்டேன். டீச்சர் குழுவில் வழக்கம்போல் பேசி அனுப்பினார்: திங்கட்கிழமை ஆட்டம் ஆரம்பம், விலை கூடின பரிசு வேண்டாம், யார் யாருக்கு நண்பர் என்று பிள்ளைகளைத் துருவிக் கேட்காதீர்கள். அந்தத் தடவை நிறையப் பேர் அதைப் போட்டுக் கேட்டிருந்தார்கள்.

கெய்லாவோடு படிக்கிற பெண் ஷாரித். அப்பா பனாமா போனவர், போனவர்தான். அம்மா நெல்சி ஆற்றங்கரைச் சந்தையில் மீன் பொரித்து விற்கிறாள். பள்ளி விட்டதும் இந்தப் பெண் தனியாக வீட்டில் கிடக்கும், துணைக்கு அம்மாவின் பழைய போன். குழுவில் இருந்த நெல்சியின் எண்ணும் அந்தப் போனின் எண்தான். அந்த வாரம் ஷாரித்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தினமும் புது ரிப்பன். என் கடைக்கு முன்னால் நின்று மற்ற பெண்களிடம் பீற்றிக்கொள்வதைக் கேட்டேன்.

"உங்க ஆளுங்கல்லாம் மிட்டாய்தான் தருவாங்க. என் ஆளு ராத்திரி பேசுவாங்க."

பிள்ளைப் பேச்சு என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் டீச்சர் முன்னால் கெய்லா வந்து நின்றாள். "டீச்சர், ஷாரித் வந்து..."

"கெய்லா, வேணாம். இன்னைக்கு விழா. என்ன விட்டுடு."

இடைவேளையில் மறுபடி வந்தாள். டீச்சர் சுவரில் கை ஊன்றி ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தார். "ஆட்டத்துல யாரு என்னன்னு சொல்லக்கூடாதுன்னு தெரியுமா தெரியாதா? நீ மாணவியா, தேரையா?" என்றார். சுற்றி நின்றவை சிரித்தன. ஒரு பையன் தேரை மாதிரி கத்திக் காட்டினான். கெய்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசி மணிக்கு முன்னாலேயே வகுப்புகளில் பரிசு மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்போது மூன்றாவது முறையாக வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நான் தேரைதான் டீச்சர். அப்படியே வச்சுக்குங்க. ஆனா இத மட்டும் கேளுங்க."

டீச்சர் குனிந்து பார்த்தார். "சொல்லு."

"ஷாரித்துக்கு ரகசிய நண்பர் நான்தான். தினமும் தேங்கா மிட்டாய் நான்தான் போட்டேன். அவ அத யாரோ தவறிப் போட்டுட்டாங்கன்னு நினைக்கிறா. அவளுக்குப் போன்ல யாரோ எழுதுறாங்க, நான்தான் உன் ரகசிய நண்பர்னு. போனுக்குக் காசு போட்டு விட்டாங்களாம். யூனிஃபார்மோட படம் கேட்டாங்களாம், அனுப்பிட்டா. இன்னைக்குப் படகுத்துறைப் படிக்கட்டுல பரிசு தர்றேன், யார்கிட்டயும் சொன்னா ஆட்டம் போச்சுன்னு எழுதியிருக்காங்களாம். எங்கிட்ட போனே இல்ல டீச்சர்."

"ஷாரித் எங்க?"

"வகுப்புல இல்ல."

டீச்சர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் ஷாரித் வந்து, அம்மா சந்தைக்குக் கூப்பிட்டாங்க டீச்சர் என்றதும், கேட்டைத் திறந்து விட்டவர் அவரேதான். விழா நாள், கால் வலி, யார் கேட்டாலும் திறந்து விடுகிற அலுப்பு.

எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஆளுக்கொரு மோட்டார்சைக்கிள் டாக்சியில் ஏறினோம். டீச்சருக்குக் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. ஓட்டுகிறவன் இறங்கி ஏற்றிவிட்டான். வழியெல்லாம் நான் கடவுளைத் திட்டிக்கொண்டே போனேன். அதைப் பிரார்த்தனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

சந்தை நேரம். படித்துறையில் படகுகள், வாழைத்தார்கள், பொக்காச்சிக்கோ மீன்களைக் கோர்த்துத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள். அதற்கு நடுவில், கீழே இரண்டாவது படியில், கட்டம் போட்ட பாவாடையை விரித்துவிட்டு ஷாரித் உட்கார்ந்திருந்தாள். மடியில் பளபளப்புக் காகிதம் சுற்றிய சின்னப் பொட்டலம், தன் நண்பருக்கு அவள் வாங்கிய பரிசு. ஒரு கையில் போன். உயிர் திரும்பி வந்தது எனக்கு.

டீச்சர் படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக இறங்கினார். ஷாரித் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"டீச்சர், நீங்களா? நீங்கதானா?"

டீச்சர் அந்தப் பொட்டலத்தை ஒருமுறை பார்த்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"இல்லடா கண்ணு. உன் நண்பர் கெய்லா. ஸ்கூல்ல உனக்காக அழுதுட்டு நிக்கிறா."

"கெய்லாவா? அப்போ எனக்குப் போன்ல எழுதுறது யாரு?"

அந்த நேரம் அவள் கையில் போன் அதிர்ந்தது. பிள்ளை படித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் டீச்சரிடம் நீட்டியது. அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன்.

'எடில்சா டீச்சர் ஏன் வந்திருக்காங்க? நீ சொல்லிட்டியா?'

டீச்சர் பிள்ளையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். படகில் இருந்தவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தராசுக்குப் பின்னால் இருந்தவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். மேல்படியில் இருந்த நாலைந்து பேர் கையிலும் போன். எல்லாம் தெரிந்த முகங்கள். பாதிப் பேர் எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள், மாமாக்கள், அண்ணன்மார்கள். சிலருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்ததே டீச்சர்தான்.

"டீச்சர், இந்த வெயில்ல இங்க என்ன பண்றீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"காலு வேற வீங்கிக் கெடக்கு. தண்ணி குடுங்கப்பா டீச்சருக்கு" என்றான் இன்னொருவன். யாரோ ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். டீச்சர் வாங்கினார், நீட்டிய கையைப் பார்த்தார், பிறகு அதைக் குடிக்காமல் படியில் வைத்துவிட்டார்.

நெல்சியைக் கூட்டி வந்தேன். அவள் மீன் வாசனைக் கையோடு மகளை ஒரு அறை வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். டீச்சர் எழுந்து நின்று, "அவள அடிக்காத. நாமதான் சொல்லாத சொல்லாதன்னு வளர்த்தோம்" என்றார். போலீஸ்காரர்கள் வந்தார்கள். எழுதியவனின் எண்ணைச் செத்துப்போன ஒரு கிழவர் பேரில் வாங்கியிருக்கிறார்கள் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கெய்லாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார் டீச்சர், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும். அதற்கு அந்தப் பெண், "பரவால்ல டீச்சர், அந்தப் பல்லிய வில்மர் இன்னும் அழிக்கல" என்றது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் டீச்சர் என் கடைக்கு வந்தார். கேட் திறக்க நேரமிருந்தது. கறுங்காப்பி வாங்கிக்கொண்டு, குழுவுக்குப் பேசி அனுப்பப் போனைத் தூக்கினார். நடந்ததை எல்லாருக்கும் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் போனிலேயே உத்தரவு போட்டிருந்தார்.

"அன்பான பெற்றோர்களே, வணக்கம்" என்று ஆரம்பித்தார். அப்படியே நின்றுவிட்டார். விரல் மட்டும் பொத்தானில் அழுந்தியிருந்தது.

"என்ன டீச்சர்?" என்றேன்.

விரலை ஓரமாக இழுத்துவிட்டு எடுத்தார். பேசியது அழிந்து போயிற்று.

"அவனும் இந்தக் குழுவுலதான இருக்கான், ரோசிரிஸ்? ஷாரித்தோட போன் நம்பர வேற எங்கருந்து எடுத்திருப்பான்? தினமும் காலைல நான் அவனுக்கும் சேத்துத்தான வணக்கம் சொல்லிட்டு இருந்திருக்கேன்?"