எல்லோருக்கும் போன மீன் செய்தி

பாலக்கோடு மண்டித் தக்காளி விலையை உடனுக்குடன் போனில் காட்டி, அங்கேயே பேசிக்கொள்ளவும் வழி செய்யும் இணையதளத்தை எழுதிக்கொண்டிருந்தேன். சோதனைக்காக, மண்டியில் வேலை செய்யும் கணவருக்கு, "மத்தியானத்துக்கு மீன் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினேன். அவருக்கு மட்டும் போகும்படி எழுத மறந்துவிட்டேன். முன்னோட்டம் பார்க்க இணைந்திருந்த விவசாயிகள், வியாபாரிகள் எல்லோருக்கும் போய்விட்டது!

வெட்கத்தில் சர்வரை நிறுத்தப் போனேன். அதற்குள் திரையில் பதில்கள் குதித்தன.

"கொழம்புக்கா, வறுவலுக்கா?" என்றார் அரூர் விவசாயி ஒருவர்.

தக்காளி வாங்கும் ஒகேனக்கல் மீன்கடைக்காரர், "கெண்ட இருக்குதுங்க, பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்து வுடட்டுங்களா?" என்றார்.

நான் நிறுத்தவில்லை. மத்தியானம் மீன் வந்தது.

காலையிலிருந்து போனையே பார்க்காத கணவர் சாப்பிட வந்து, "மீனா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வாங்கியாந்திருப்பேனே" என்றார்.

ஊருக்கே கேட்கும்படி பேச ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். இவர் காதுக்கு எட்டத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.